ஒரு வீட்டு மழை

ஊரே காய்ந்து கிடக்க, ஒரே ஒரு வீட்டு முற்றத்தில் மட்டும் தினமும் மழை! ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டர் அப்படித்தான் சொன்னது. தலையைப் பிய்த்துக்கொண்ட ஆராய்ச்சியாளர், தன் ஆட்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். முற்றத்தில் புழுதி பறந்தது. நிலையத்தார் முன்பே நட்டுவைத்திருந்த மழைமானி மட்டும் நனைந்திருந்தது.

கழற்றிப் பார்த்தார். கோளாறு எதுவும் இல்லை. இன்னும் குழம்பிப்போனார்.

"ஏம்மா, இங்க மழை பெஞ்சுதா?"

"சொட்டுகூட இல்ல சார்" என்றாள் வீட்டுக்காரி.

"அப்ப இதுல தண்ணி எப்படி?"

"நான்தான் ஊத்துனேன்."

"ஐயையோ! எதுக்கும்மா?"

"ரெண்டு வருஷமா மழையே இல்லன்னு இதே கருவிதானே சொல்லிச்சு? ஒருத்தராவது எட்டிப் பார்த்தீங்களா? குடிக்கிற தண்ணியில தினம் ஒரு சொம்பு ஊத்துனேன், விழுந்தடிச்சு ஓடி வந்துட்டீங்க! வாங்க சார், எங்க கிணத்தைக் காட்டுறேன்."