அம்மா பக்கம்

குழந்தை நிறைமதி பேசத் தொடங்கிய புதிதில் அப்பா செழியன் அந்தப் படப்புத்தகத்தை வாங்கி வந்தான். குழந்தைக்கு அடுத்து எந்தச் சொல் தேவைப்படுமோ, அதற்கான படத்தைப் புத்தகமே வரைந்துகொள்ளும். ‘ஊசி’ வந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. ‘படகு’ வந்த பிறகு, மழைவெள்ளத்தில் வேளச்சேரி வீட்டிலிருந்து அவர்கள் படகில்தான் வெளியேறினார்கள். சொல் முன்பே தெரிந்திருந்ததால் குழந்தை பயப்படவில்லை. தாய் பூங்கோதைக்கு அதில் பெருமைகூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி ஊட்டிக்கொண்டே அவள் புத்தகத்தைத் திறந்தாள். ‘அம்மா’ என்ற பக்கத்தில் இதுவரை அவள் முகம்தான் இருந்தது. இப்போது வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு செல்லம்?"

"அம்மா," என்றது குழந்தை.

"அப்ப நான் யாரு?"

குழந்தை தயங்கவே இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தது. அங்கே பூங்கோதையின் முகம் ஒரு சட்டத்துக்குள் இருந்தது. சட்டத்தில் மாலை தொங்கியது. கீழே ‘போட்டோ’ என்று எழுதியிருந்தது.

அவள் அலறலைக் கேட்டுச் செழியன் ஓடி வந்தான். படத்தைப் பார்த்தான்.

"ஏதோ கோளாறா இருக்கும் கோதை. நாளைக்குக் கடையில குடுத்து மாத்திக்கலாம்."

"மாத்திக்கலாமா?" என்று கேட்டபடியே அவள் அந்தப் பெண்ணின் பக்கத்தைக் கிழித்து எறிந்தாள்.

குழந்தை வீறிட்டது. பூங்கோதை அதை வாரியெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அது திமிறியது. தரையில் கிடந்த தாளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, "அம்மா, அம்மா" என்று கதறியது.