மூடிய பெட்டிக்குள் ஒரு பல்பு

பழைய காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் குட்டி பல்பு ஒன்று இருந்தது. பெட்டியை மூடினால் அது அணைய வேண்டும். சுவிட்ச் சிக்கிக்கொண்டதைச் சாக்காக வைத்து மூடிய பிறகும் எரிந்தது.

"யாருக்காக எரியுற? என் உயிரே போகுது" என்றது பேட்டரி.

"எப்பத் திறப்பாங்கன்னு தெரியாதே அண்ணே. என்னைத் தேடி ஒருத்தர் வராமலா போவார்?"

கார் கிளம்பவில்லை. மெக்கானிக் தாவூத் பெட்டியைத் திறந்தார். "திறந்தா எரியுது, சரியாத்தான் இருக்கு" என்று மூடிவிட்டுப் புது பேட்டரி மாட்டினார். அதுவும் மூன்றே நாளில், கார் கிளம்பாத அளவுக்கு இறங்கிப்போனது.

மறுபடி பெட்டியைத் திறந்தவர், சந்தேகப்பட்டு பல்பைத் தொட்டார். விரல் சுட்டது.

"அட, உன்னைத்தான் இத்தனை நாளா தேடினேன்!"

பல்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் கழற்றும்வரை சிரித்துக்கொண்டே எரிந்தது.