கடிகாரம் சிஸ்டரின் ஃபைல்

“நான்தான் பிடுங்கினேன். அவசரத்துல யோசிக்காம பிடுங்கிட்டேன்” என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் நர்ஸ். பென் டிரைவ் மேசையில் கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கம்ப்யூட்டர் திரையில் அதே வாசகம்: ஃபைல் சேதமடைந்துள்ளது, திறக்க இயலாது. எதிர் நாற்காலியில் ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி அம்மாள், படிவத்தின் தலையில் ‘19ஆம் தேதி, காலை 10.20’ என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தார். கத்தித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது நர்ஸுக்கு.

விஷயம் இதுதான். அந்த மருத்துவமனையில் குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தெல்லாம் ஒரே ஃப்ரிட்ஜில் இருந்தன. அதன் குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே வரக் கூடாது. தினமும் காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் பார்த்து, அந்தப் பென் டிரைவில் இருக்கும் எக்ஸெல் ஷீட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால், உள்ளே இருப்பது மருந்தா வெறும் தண்ணீரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வருடமாக அது இவள் பொறுப்பு. ஒரு வேளைகூடத் தவறியதில்லை என்று பேர். அதனாலேயே எல்லோருக்கும் இவள் ‘கடிகாரம் சிஸ்டர்’. அந்த ஃப்ரிட்ஜும் லேசுப்பட்டதில்லை. நாலு, நாலரை, மறுபடி நாலு. அதற்கு வேறு எண்ணே தெரியாது.

“எப்ப சிஸ்டர் கூப்பிடுவீங்க? பிள்ளை தூங்கி எழுந்து அழ ஆரம்பிச்சாச்சு” என்று ஒரு தாய் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கைக்குழந்தைகளோடு முப்பது பேர். “கொஞ்சம் பொறுங்கம்மா” என்றாள் சிஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதிகாரி அம்மாள் பக்கத்தில் நின்ற பெரிய டாக்டரிடம் திரும்பினார். “நேத்து, பதினெட்டாம் தேதி சாயந்திரம் வரைக்கும் பதிவைக் காட்டிட்டா நான் கையெழுத்து போட்டுட்டுப் போயிடுவேன் டாக்டர். இல்லன்னா ஃப்ரிட்ஜுக்கு சீல் வெச்சுத்தான் ஆகணும். புது மருந்து வர்ற வரைக்கும் ஊசி கிடையாது.”

“எங்க சிஸ்டர் மேல சந்தேகமே வேணாம் மேடம். காப்பி எடுத்து வைக்கச் சொல்லாதது என் தப்பு. எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க” என்றார் டாக்டர்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

“டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும்...” என்று வாயெடுத்தாள்.

“நீங்க அழாம இருங்க சிஸ்டர், அது போதும்” என்று அவர் முடித்துவிட்டார்.

அதற்குள் டாக்டர் சொல்லியனுப்பியிருந்த எதிர்க்கடை கம்ப்யூட்டர்காரர் வந்து சேர்ந்தார். வழுக்கைத் தலை, மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. பென் டிரைவைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“சேவ் ஆகிட்டு இருக்கும்போதே பிடுங்கினீங்களா?”

“மேடம் உள்ள வந்தாங்க... கை பதறிடுச்சு.”

“பயப்படாதீங்க. மேல் ஓடுதான் உடைஞ்சிருக்கும். உள்ள பருப்பு பத்திரமா இருக்கும்.”

“வேணாம் அண்ணே, விட்டுடுங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? தப்பு என்னோடது. மெமோ குடுத்தா வாங்கிக்கறேன்.”

“பாத்தீங்களா மேடம்? இந்தக் காலத்துல யாரு இப்படித் தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறாங்க?” என்று உருகினார் டாக்டர். அதிகாரி அம்மாளின் முகம்கூடக் கொஞ்சம் இளகியது.

விட்டுவிடுங்கள் என்றதில் கம்ப்யூட்டர்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் லேப்டாப்பில் செருகி, முதல் காரியமாக ஒரு நகல் எடுத்துக்கொண்டார். ரிப்பேர் செய்து திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. வேறொரு சாஃப்ட்வேரில் போட்டார். கட்டம் கட்டமாகக் குப்பை வந்து விழுந்தது. “சரியான கல்லுளிமங்கனா இருக்கியே!” என்று ஃபைலைத் திட்டிவிட்டுக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

சிஸ்டர் சுவரோடு ஒட்டி நின்றாள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை. வெளியே குழந்தைகள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. ஒவ்வொரு அழுகையும் தன்னையே கைகாட்டுவதாக அவளுக்குப் பட்டது.

பத்து நிமிடம் கழித்துக் கம்ப்யூட்டர்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “வந்துடுச்சு!”

டாக்டர் கையைத் தட்டியேவிட்டார். கதவோரம் நின்ற தாய்மார்கள் இரண்டு பேர், என்ன ஏதென்று தெரியாமலே சிரித்தார்கள். அதிகாரி அம்மாள் பேனா மூடியைத் திறந்தார். “நல்லதாப் போச்சு. கடைசிப் பதிவு என்னன்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.”

“இப்படிக் குடுங்க அண்ணே, நான் பாத்துச் சொல்றேன்” என்று சிஸ்டர் பாய்ந்து வந்தாள்.

ஜெயித்த மனுஷன் விடுவாரா? லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, அடிவரைக்கும் ஓட்டி, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.

“ஒரு வரிகூடப் போகலை சிஸ்டர்! இந்த மாசம் முப்பதாம் தேதி, சாயந்திரம் அஞ்சு மணி, நாலு டிகிரி!”