பொட்டு வைத்த பாறை

பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இளங்கோ அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். மேலே சரிவில் ஆனை மாதிரி ஒரு பாறை. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமப் பொட்டு.

செம்மேட்டுக்குப் போகும் மலைச்சாலையை அகலப்படுத்தும் கம்பெனியில் அவர் பாதுகாப்பு அதிகாரி. மலை மக்களோடு பழகுவது எப்படி என்று சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். அவர்கள் நம்பிக்கையை மதிக்க வேண்டும், துருவித் துருவிக் கேட்கக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஆறு மாதமாக மதிக்கிறார். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மேஸ்திரி மாணிக்கம் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த திண்ணனூர் நாட்டுக்காரர். மழை பெய்த மறுநாள் சரிவில் ஏறி, ஒவ்வொரு பாறையாகக் கடப்பாரையால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். ஒன்றிரண்டுக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு இறங்குவார். சாமியிடம் உத்தரவு கேட்கிறார் என்று இளங்கோ அறிக்கை எழுதி, தலைமை அலுவலகத்தில் பாராட்டும் வாங்கிவிட்டார்.

இன்று பாதுகாப்பு வார விழா, எம்.டி. வந்திருந்தார். நல்லபடியாக முடிந்தால் இளங்கோவுக்குச் சென்னைக்கு மாற்றல், சொதப்பினால் இன்னும் மூன்று வருஷம் இதே மலை. அதனால்தான் இருப்பதிலேயே பெரிய பொட்டாகப் பார்த்து, அதற்கு நேர் கீழே மேடை போட வைத்திருந்தார்.

அடுத்த வளைவில் வேலையாக இருந்த மாணிக்கம் மேடையைப் பார்த்ததும் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஏனுங்க சார், அந்தக் கல்லுக்கு அடியில போயி..."

இளங்கோ அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும் ஐயா. உங்க நம்பிக்கைய நாங்க மதிக்கிறோம். மேடையில யாருக்கும் செருப்பு கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது."

மாணிக்கம் மறுபடி வாயெடுத்தார். மாலை வாங்க ஆள் போயிருக்கிறது என்று சொல்லி இளங்கோ அனுப்பிவிட்டார்.

மேளம் அதிர்ந்தது. மேலேயிருந்து புளியங்கொட்டை அளவு கல் ஒன்று உருண்டு வந்து எம்.டி.யின் மடியில் விழுந்தது. பிரசாதம் என்று இளங்கோ காதில் ஓத, அவரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மலைக்காரர்கள் மட்டும் வெகுதூரம் தள்ளி, தலையில் ஹெல்மெட்டோடு நின்றார்கள். இளங்கோவுக்கு எரிச்சலாக வந்தது. விறுவிறுவென்று மாணிக்கத்திடம் போனார்.

"எம்.டி. பார்க்கிறாரு ஐயா, பக்கத்துல வாங்க. சாமிகிட்ட வர என்ன பயம்?"

மாணிக்கம் பாறையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாமி ஏதுங்க சார், உருளப்போற கல்லுக்குத்தானுங்க பொட்டு வெப்போம்."