புள்ளி, கோடு, அடைப்பு

“மேல ஒண்ணு, கீழ ஒண்ணு புள்ளி வையுங்க. பக்கத்துல ஒரு சின்னக் கோடு. அப்பறம் அடைப்புக்குறி. போட்டுட்டீங்களா?”

“போட்டுட்டனுங்க. என்னங்க இது, கோலமா?”

“தலைய இடது பக்கமாச் சாச்சுப் பாருங்க.”

காந்திபுரம் பேஜர் கம்பெனியில், போனில் சொல்லும் செய்தியைத் தட்டி அனுப்புவது அன்புக்கரசியின் வேலை. ஹெட்போனோடு தலையைச் சாய்த்தாள். :-) என்று கம்ப்யூட்டர் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“கழுத்து சுளுக்கிக்கிச்சா அம்மணி?” என்றாள் பக்கத்து சீட் பக்ருன்னிசா.

அது போன மாதம். அந்தச் சிரிப்பைச் சொல்லிக்கொடுத்த தொண்டாமுத்தூர் பம்ப்செட் கடை ரூபன் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கூப்பிடுகிறான். ஒரே நம்பருக்கு ஒரு வரி, கூடவே ஒரு சிரிப்பு. அனுப்பும் முன் செய்தியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது கம்பெனி சட்டம்.

“‘சாப்பிட்டாச்சா?’ அப்பறம் சிரிப்பு. சரிங்களா?” என்பாள்.

“இப்பத்தானுங்க சாப்பிட்டேன்” என்று குறும்பு பண்ணிவிட்டு வைத்துவிடுவான்.

இதையெல்லாம் எவளோ ஒருத்தி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, கொடுத்து வைத்த மகராசி என்று அன்புக்கரசிக்கு வயிறு எரியும். தான் இலவு காத்த கிளி என்று தெரியும். ஆனாலும் மத்தியானமானால் காது அந்தக் குரலைத் தேடும். பிடித்துப்போய்விட்டது, என்ன செய்ய?

இன்று அவன் குரலில் நடுக்கம்.

“முக்கியமான சேதிங்க. ‘உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. என்னையக் கட்டிக்கிறீங்களா?’ சிரிப்பு வேண்டாமுங்க. பதிலைப் பாத்துட்டுப் போட்டுக்கலாம்.”

அதைப் படித்துக் காட்ட அன்புக்கரசிக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே.

“உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. என்னையக் கட்டிக்கிறீங்களா?” என்று படித்தாள்.

“இன்னொருக்காச் சொல்லுங்க.”

சொன்னாள். எங்கே அழுதுவிடுவோமோ என்று பயந்து அவசரமாகப் பொத்தானைத் தட்டினாள். “போயிருச்சுங்க.”

வழக்கமாக உடனே வைத்துவிடுகிறவன் இன்று வைக்கவில்லை. ஹெட்போனுக்குள், அவன் பக்கமிருந்து ஒரு பேஜர் ‘பீப், பீப்’ என்று கத்தியது.

“வந்துருச்சுங்க” என்றான் ரூபன். “எனக்குச் சம்மதமுங்க அம்மணி. நீங்க நெசமாத்தான் கேட்டீங்களான்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”