பாறக்குழிக்கு ஏத்த டயரு

"மண்ணுல வழுக்காத டயரு ஒண்ணு வேணுமுங்க கண்ணு."

ராயபுரம் டயர் கடையில வந்து நின்னவரு பேரு கந்தவேல். நிட்டிங் கம்பெனியில துணி செக் பண்றவரு. மீசையில கூட பஞ்சு ஒட்டியிருந்துச்சு.

கடையைப் பார்த்துக்கிட்டிருந்த பரணி, காலேஜைப் பாதியில விட்டவன். வாயை மட்டும் விடல.

"டயரும் பொண்ணு பார்க்கறாப்புலதானுங்ணா. குணம் தெரியாம கட்டி வெச்சா தெனமும் சண்டை. எப்படி ஓட்டறதுன்னு மொதல்ல சொல்லுங்க. இந்தா, இது எம்பது இருபது. இது அம்பதுக்கு அம்பது."

கந்தவேல் டயரைக் கட்டைவெரல்ல தேச்சுப் பார்த்தாரு.

"எம்பது காட்டன், இருபது பாலியஸ்டருங்களா?"

பரணி சிரிச்ச சிரிப்புல பக்கத்து டீக்கடைக்காரரு எட்டிப் பார்த்தாரு.

"அது பனியனுக்குங்ணா! இது எம்பது பங்கு தார் ரோடு, இருபது பங்கு மண்ணு. அந்தா தொங்குது பாருங்க, பட்டன் டயரு. அது முழுக்க மண்ணுக்கு. தார் ரோட்டுல ஒய்ங்குன்னு கத்தும், சீக்கிரம் தேயும், மழையில பிரேக் போட்டா ஆளையே சாச்சுரும். நீங்க எங்க போகோணும்?"

"எம் பையன் போற பக்கமெல்லாம் போகோணுமுங்க."

"பையனுக்குங்களா! அப்படிச் சொல்லுங்க."

பையன்னு சொன்னதுதான் தாமசம், கந்தவேலுக்கு மூஞ்சி செவந்துருச்சு.

"அந்த முருகேஷ் பய பேச்சை எடுக்காதீங்க. ஏசியில உக்கார்ற வேலை. ஒழுங்கா இருக்கலாமல்ல? எமனாட்ட ஒரு பைக்கை வாங்கியாந்து ஊட்டு முன்னால நிறுத்தியிருக்கறான். ஞாயித்துக்கெழமையானா நெருப்பெரிச்சல் ஊருப் பாறக்குழிக்குப் போயிடறான். கல்லு வெட்டுன குழிக்குள்ள எறங்கி ஏறறதுக்கு இவனென்ன டிப்பர் லாரியா? வண்டி வேணுமா, அப்பன் வேணுமான்னு கேட்டேன். வண்டிங்கறான்! அன்னையில இருந்து பேச்சு வார்த்தை இல்லீங்க."

பரணிக்குச் சுருக்குன்னுச்சு. எல்லா அப்பனும் ஒரே மிஷின்ல ஓட்டுன துணிதான் போல.

"வாரத்துல ஒரு நாளுங்ணா. வாழ்த்தாட்டிப் போகுது, வையாம இருக்கலாமல்ல?" சொல்லிட்டு டயரைக் கீழ வெச்சான். "சரி, அவரு நம்பரைக் குடுங்க. எப்படி ஓட்டுவாருன்னு அவருகிட்டயே கேட்டுக்கறேன்."

"அவனை எதுக்குக் கேக்கோணும்? ஜல்லி வந்தா எந்திரிச்சு நின்னுக்குவான். எறக்கத்துல முன் பிரேக்கைத் தொடமாட்டான். செம்மண்ணு ஈரமா இருந்தா எடது காலை நீட்டிக்கிட்டுத் திருப்புவான். கெழக்கால மேட்டுல மட்டும் இன்னும் பயம் போகலைங்க. பாதியில எறங்கித் தள்ளறான்."

பரணி நம்பர் எழுத எடுத்த பேனாவைக் கீழ வெச்சான்.

"ஏனுங்ணா, பேச்சு வார்த்தையே இல்லைன்னீங்க. கூட ஓட்டற சேக்காளிக்குக் கூட இவ்வளவு தெரியாது. யாரு உளவு சொல்றது?"

கந்தவேல் பட்டன் டயரை ஒருக்கா அமுத்திப் பார்த்தாரு.

"இது ஈரமண்ணுல நிக்குமுங்களா?"

"கல்லாட்ட நிக்கும். வண்டியைக் கொண்டாரச் சொல்லுங்க, சைஸ் பார்க்கோணும்."

"அவன் வண்டிக்கு எதுக்குங்க? அவன் நல்லதாத்தான் போட்டிருக்கறான்."

கந்தவேல் வாசல் பக்கம் கை காட்டினாரு. அங்க ஒரு பழைய மொபெட் நின்னுச்சு. சீட்டு வரைக்கும் செம்மண்ணு. ஒரு பக்கத்துக் கண்ணாடியைக் காணோம்.

"வாரா வாரம் அவனுக்குத் தெரியாம பின்னாலயே போயிட்டிருக்கறேன் கண்ணு. வுழுந்தா தூக்கறதுக்கு ஆளு வேணுமல்லங்க?"

கொரலு கொஞ்சம் எறங்குச்சு.

"போன வாரம், தூக்கறதுக்குப் போன ஆளே வுழுந்துட்டேன்."