உள்ளங்கையில் எட்டு கிராம்

பறவையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

சில்லென்றிருந்தது. மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

மொத்தமே எட்டு கிராம். பூச்சி பிடித்துத் தின்னும் குட்டி ஈப்பிடிப்பான். மூடுபனி சொட்டும் வலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வலையை அரைமணிக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். விழுந்த பறவையின் காலில் ஆய்வுக்காக எண்ணிட்ட வளையம் மாட்டி, எடை பார்த்து, உடனே பறக்கவிட வேண்டும். ஆண்டிஸ் மலையின் இந்த மேகக்காட்டில் ஐந்து வருடமாக இதுதான் அவள் வேலை. ஒன்றைக்கூடச் சாகவிட்டதில்லை.

இன்று தாமதித்துவிட்டாள்.

இதன் வயிற்றில் இறகு இல்லை. சிவந்த வெறும் தோல். அடைகாக்கும் தாய்க்கு மட்டும் அப்படி உதிரும். பாசி படிந்த ஏதோ ஒரு கிளையில் குஞ்சுகள் குளிரில் கிடக்கும்.

கூட வேலை பார்க்கும் பெரியவர் செகுந்தோ வந்து பார்த்தார். பறவையைத் தன்னிடம் கொடுத்துவிட்டு அவளை மேலே போகச் சொன்னார். பிள்ளை காத்திருக்குமே என்றார்.

இன்னும் சூடு ஏறவில்லை என்றாள்.

மேலே முகட்டில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். எட்டு மணிக்கு மகள் நயேலி விமானம் ஏறுகிறாள். ஆறு வயது. அப்பாவோடு ஸ்பெயினுக்கு. அதற்குமேல் போனை அணைத்துவிடுவார்கள்.

மகள் நாட்டைவிட்டுப் போகத் தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் இவள்தான். அங்கே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதாம்.

குழந்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்கும். ஒரு வாரமாக அதையேதான் கேட்கிறது.

அம்மா எப்போது வருவாள்?

விடிந்ததிலிருந்து முகட்டுப் பாதையின் அடியில் போய் நிற்பதும் திரும்புவதுமாக இருந்தாள். வலையை மறந்தது அதில்தான்.

செகுந்தோ வலையைச் சுருட்டி முடித்தார். மறுபடி அருகில் வந்தார். சட்டைக் கழுத்து வழியே ஒரு கறுப்புக் கண் அவரைப் பார்த்தது.

"அது எப்பவோ தேறிடுச்சு, மகளே. நீதான் விடமாட்டேங்கிற."

சொல்லிவிட்டு அடுத்த வலைக்குப் போய்விட்டார்.

பறவையை வெளியே எடுத்தாள். அதன் நெஞ்சு விரல்களில் படபடவென்று அடித்தது. அந்த வெறும் வயிறு உள்ளங்கையில் சுட்டது.

விரல்களைப் பிரித்தாள்.

பறவை தயங்கவில்லை. நேராகப் பனிக்குள் போய் மறைந்தது.

மணி ஏழு ஐம்பது.

முகட்டுக்குக் கால்மணி நேர ஏற்றம். ஓடினால் பிடித்துவிடலாம்.

அவள் ஓடவில்லை. முகட்டுப் பாதையில் நடந்தாள்.